ஜூம் இல்லாத லென்ஸ்

பார்சல் வந்து ஒன்பது நாளாகியும் அதைச் சுற்றியிருந்த காகிதத்தைக்கூட அந்த அம்மா தூக்கிப் போடவில்லை. சாப்பாட்டு மேசையில் பாதியை அதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தாள். டைப் செய்த விலாசம் மட்டும் ஒட்டியிருந்த பழுப்புக் காகிதம், அதைக் கட்டியிருந்த வெள்ளை நாடா, அட்டைப் பெட்டி, நடுவே ஒரு கறுப்புக் கேமரா. மீதிப் பாதியில்தான் புருஷனும் பெண்டாட்டியும் சாப்பிட்டு எழுந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

"என் பையன் உயிரோட இருக்கான் மேடம். இல்லேன்னா இதை யாரு அனுப்பியிருப்பா?"

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பத்தொன்பது வருடம் பொய் விபத்துகளையும் போலிச் சாவுகளையும் துருவித் துருவிப் பார்த்துவிட்டு, சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தவள் மேடம். யாராவது இவ்வளவு நம்பிக்கையோடு பேசினால் அவளுக்குப் பயம். அப்படி வந்தவர்களில் எத்தனை பேரைச் சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்பினாள் என்று கேட்டால், ஒரு கை விரலே அதிகம்.

பதினான்கு மாதங்களுக்கு முன், விட்டுவிட்டு மழை பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இருபத்துநாலு வயதுப் பையன் கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போனான். வரவில்லை. அப்பாவோடு மனஸ்தாபம், கோபித்துக்கொண்டு எங்கேயோ போயிருக்கிறான் என்று போலீஸ் எழுதி மூடிவிட்டது. மனஸ்தாபம் என்னவோ நிஜம். மருந்துக் கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் போட்டோகிராபர் ஆகப் போகிறேன் என்று பையன் சொல்ல, அப்பா குதித்திருக்கிறார். அதற்கப்புறம் இரண்டு மாதம் ஒரே வீட்டில் இருந்துகொண்டே இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"பார்சல் வந்தப்போ உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னார்?" என்று கேட்டாள் மேடம்.

"ஒண்ணும் சொல்லல. அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. இந்த நிமிஷம் வரைக்கும் கேமராவை விரலால தொடல. பெத்த புள்ளை மேல இன்னமும் அவ்வளவு கோபம்."

அந்த அம்மா ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். சீருடைப் புடவையில், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள். அந்த அவசரத்திலும் கேமராவை இரண்டு கையாலும் ஏந்தி, தூங்குகிற குழந்தையைத் தருவதுபோல மேடத்திடம் தந்தாள். காகிதத்தையும் நாடாவையும் தனியாக மடித்துக் கொடுத்தாள்.

வெளியே காருக்கு வந்ததும் உதவியாளன் வாயைத் திறந்தான். அவனுக்கு ஆபீஸில் ரேடியோ என்று பெயர். அணைக்கிற ஸ்விட்ச் மட்டும் எங்கே இருக்கிறது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

"மேடம், அந்த அம்மா போன்ல சொன்ன முத்திரையை வச்சு நேத்து முழுக்க பெரிய போஸ்ட் ஆபீஸ்ல நின்னோமே. ஒரு நாளைக்கு மூவாயிரம் பார்சல் வருது, எந்த முகமும் ஞாபகமில்லேன்னு அந்த கவுன்ட்டர்காரர் சொன்னார். கடைசியில என் முகத்தைக்கூட மறந்துட்டு, 'உங்களுக்கு என்ன வேணும்'னு மறுபடி முதல்லேருந்து கேட்டார்."

"முகம் மறந்து போறதுதான் துப்பறியற வேலைக்கு உனக்கு இருக்கற ஒரே தகுதி. பையன் கேமரா வாங்கின கடைக்கு விடு."

காரில் உட்கார்ந்தபடி மேடம் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். தெரு, மரம், எதிரே வந்த பஸ் எல்லாம் கஞ்சியில் கரைத்த மாதிரி கலங்கித் தெரிந்தன. லென்ஸைத் திருப்பிப் பார்த்தாள். கலங்கல் போகவில்லை.

"கெட்டுப்போன கேமராவை எதுக்கு இவ்வளவு பத்திரமா அனுப்பணும்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

கேமராக் கடை ஒரு மாடிப்படியின் முடிவில் இருந்தது. இருவர் நின்றால் மூன்றாமவர் படியில் காத்திருக்க வேண்டும். கடைக்காரர் ஒரு இளம் தம்பதிக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"முதல் கேமரா வாங்க வர்ற அத்தனை பேரும் பாடியைப் பத்தியே கேக்குறீங்க. எத்தனை மெகாபிக்ஸல், எத்தனை பட்டன்! பாடி நாலு வருஷத்துல பழசாயிடும். லென்ஸ்தான் கூடவே வரும். ஆரம்பிக்கறவங்களுக்குச் சின்ன பாடி போதும். கூட வர்ற பதினெட்டு-ஐம்பத்தஞ்சு கிட் லென்ஸை மாட்டி ஆறு மாசம் எடுங்க. அதுக்குள்ள உங்க கண்ணுக்கு எது வேணும்னு அதுவே சொல்லும். அப்புறம் வாங்க ரெண்டாவது லென்ஸ்."

தம்பதி யோசித்துச் சொல்வதாக இறங்கிப் போனார்கள். மேடம் கேமராவை மேசைமேல் வைத்து, பையனின் போட்டோவைக் காட்டினாள். கடைக்காரர் முகம் மலர்ந்தது.

"இவனா! நாலு சனிக்கிழமை வந்து கேள்வி கேட்டே என்னைக் கொன்னான். எங்கே ஆளையே காணோம்?"

"அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்" என்றாள் மேடம். "என்னென்ன வாங்கினான்?"

"இந்த பாடியும் கிட் லென்ஸும் முதல்ல. பறவை எடுக்கணும், பறவை எடுக்கணும்னு ஒரே பாட்டு. பறவைக்கு நீள லென்ஸ் வேணும். ஐம்பத்தஞ்சு-இருநூத்தம்பது ஒண்ணை எடுத்து வச்சிருந்தேன். ரெண்டு மூணு மாசம் கழிச்சு வந்தான். இந்த ஜன்னல் வழியா அந்தக் கம்பியில உக்காந்திருந்த காக்காவை ரொம்ப நேரம் பாத்தான். அப்புறம் நீள லென்ஸைக் கீழே வச்சுட்டு, 'எனக்கு ஐம்பதைக் குடுங்க'ன்னான்."

"ஐம்பதுன்னா?"

"இதோ, உங்க கேமராவுல மாட்டியிருக்கே, அதுதான். ஐம்பது மில்லிமீட்டர். முகம் எடுக்க இதை மிஞ்ச ஆள் கிடையாது. பின்னாடி இருக்கறதெல்லாம் கரைஞ்சு, கண்ணு மட்டும் நம்மகிட்டப் பேசும். ஆனா ஜூம் கிடையாது. பெருசா வேணும்னா நாம முன்னால போகணும், முழு ஆளு வேணும்னா பின்னால போகணும். இதுல கால்தான் ஜூம்னு சொன்னேன். அதுவும் இந்த மாதிரி ஆரம்பக் கேமராவுல சென்சார் சின்னது. ஆள் இன்னும் கிட்ட நிக்கற மாதிரி பெருசா தெரிவார். வீட்டுக்குள்ள இடம் பத்தாது, வெளியில கூட்டிட்டுப் போன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்."

"பறவையை விட்டுட்டு முகத்துக்கு மாறிட்டான்" என்றான் ரேடியோ. "மேடம், இது லென்ஸ் இல்ல, லவ்."

"நானும் அப்படித்தான் கிண்டல் பண்ணேன் தம்பி" என்றார் கடைக்காரர். "'அட போங்க சார்'னான். 'வீட்டுல ஒருத்தர் என் கேமராவைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பிக்கிறார். அவரை ஒரே ஒரு படம் நல்லா எடுத்துக் காட்டிட்டேன்னா எல்லாம் சரியாயிடும்'னான்."

மேடம் நிமிர்ந்தாள். இதற்குள் ரேடியோ கேமராவைக் கையில் எடுத்து, மூக்குக்கண்ணாடி இடிக்கிறது என்று அதைக் கழற்றி நெற்றியில் ஏற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"எவ்வளவு துல்லியமா இருக்கு மேடம்! எதிர்க் கட்டடத்துல துணி காயப்போட்ட கிளிப்போட நிறம்கூடத் தெரியுது."

"உளறாதே. நான் கார்ல பாத்தேன். எல்லாம் கலங்கல்."

"கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியுது, நல்ல கண்ணு உங்களுக்குத் தெரியலையா? வயசாகுது மேடம்."

மேடம் கேமராவைப் பிடுங்கிப் பார்த்தாள். அதே கலங்கல். கடைக்காரர் சிரித்தபடி கை நீட்டி, பார்க்கும் துளையின் ஓரத்தில் கடுகளவு இருந்த ஒரு சக்கரத்தைக் காட்டினார்.

"இது யாருக்கும் தெரியாத சக்கரம். கண்ணாடி போடறவங்க, கண்ணாடி இல்லாமலே பாக்கறதுக்காக இதைத் திருப்பி வச்சுக்கலாம். கடைசி வரைக்கும் திருப்பியிருக்கு பாருங்க. தம்பிக்கு என்ன பவர்?"

"மைனஸ் மூணு."

"கடைசியா இதைப் பிடிச்சவருக்கும் கிட்டத்தட்ட அதுதான்."

"பார்சல்ல உருண்டு புரண்டு தானா நகர்ந்திருக்காதா?"

"நகராது மேடம். கண்ணை வச்சுப் பாத்துக்கிட்டே நகத்தால தள்ளணும்."

"பையன் கண்ணாடி போடுவானா?"

"சே! எதிர்க் கட்டடத்து போர்டுல இருக்கற போன் நம்பரை இங்கேருந்தே படிச்ச ஆளு அவன்."

படியில் இறங்கும்போது ரேடியோ சொன்னான். "அப்போ சந்தேகப்பட வேண்டிய ஆள் நான்தான் மேடம். ஆனா மைனஸ் கண்ணாடிக்காரனைக் கண்டுபிடிக்கறது சுலபம். என் கல்யாண போட்டோவைப் பாருங்க. மூஞ்சி முழுக்க பூசணிக்காய், கண்ணாடிக்குள்ள தெரியற கன்னம் மட்டும் ஒல்லியா உள்ளே போயிருக்கும்."

மேடம் சிரிக்கவில்லை. கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஒருவர். அதை விரலால்கூடத் தொடாத ஒருவர். பையன் வெளியே கூட்டிப் போக நினைத்த ஒருவர்.

"அவரோட பட்டறை எங்கேன்னு அந்த அம்மா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

பையனின் அப்பா மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் வேலை செய்தார். எரிந்துபோன மோட்டாரின் செம்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கட்டுகிற வேலை. பட்டறைக்குள் வார்னிஷ் நெடி கண்ணைக் கரித்தது. மதிய இடைவேளை, மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அவர் மட்டும் ஒரு பெரிய மோட்டாரின் முன் முக்காலியில் உட்கார்ந்து, கம்பிச் சுருளின்மேல் வெள்ளைக் காட்டன் நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் சரிபாதியை மூடியது. மூன்று விரற்கடைக்கு ஒருதரம் உள்ளே கொடுத்து வாங்கி ஒரு முடிச்சு.

மேடம் பைக்குள் கைவிட்டுப் பார்சலின் நாடாவை எடுத்தாள். அதே அகலம். இன்னும் அவிழாமல் ஒட்டிக்கொண்டிருந்த முடிச்சும் அதேதான்.

அவர் நிமிர்ந்தார். தடித்த கண்ணாடி. கண்ணாடிக்குள் தெரிந்த கன்னத்தின் ஓரம், வெளியே இருந்த கன்னத்தை விட்டு உள்ளே தள்ளி நின்றது.

மேடம் நாடாவை மோட்டார்மேல் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சுற்றிக்கொண்டிருந்த நாடாவின் முனையை நழுவவிடாமல் கட்டி முடித்துவிட்டுத்தான் கையை எடுத்தார்.

"பார்சல் அனுப்பினது நீங்க" என்றாள் மேடம். "அவன் காணாமப் போன அன்னிக்கு அந்தக் கேமராவுல பாத்தவரும் நீங்கதான். அன்னிக்கு அவனோட இருந்திருக்கீங்க. அவனை என்ன பண்ணீங்க?"

இருபது வருட அனுபவத்தில் இந்தக் கேள்விக்கு அவள் எல்லா விதமான பதிலையும் கேட்டிருக்கிறாள். கோபம், அழுகை, வக்கீல் பெயர். இவர் சொன்னது எதிலும் சேரவில்லை.

"பின்னால போன்னு சொன்னேன்" என்றார்.

ரேடியோ பக்கத்தில் இருந்த பெஞ்சியை இழுத்துப் போட்டான். யாரும் உட்காரவில்லை.

"அன்னிக்கு இந்த கேட்டுக்கு வந்து நின்னான். ரெண்டு மாசம் பேசாதவன். 'ஒரே ஒரு நாள் என்னோட வாங்கப்பா, அப்புறமும் வேண்டாம்னு தோணினா கேமராவை வித்துடறேன்'னான். ஷிப்ட்டை மாத்திக் குடுத்துட்டுப் போனேன். அவங்க அம்மாகிட்டச் சொல்ல வேண்டாம், படத்தோட போய் நிப்போம்னு பேசிக்கிட்டோம். ஆத்துல தடுப்பணை இருக்கு இல்லையா, அந்தச் சுவர் மேல. மழைத்தண்ணி நிறைய போயிட்டிருந்துது. என்னை முப்பது நாப்பது படம் எடுத்தான். எனக்கு... எனக்கும் சந்தோஷமா இருந்துதுங்க."

அவர் கைகளைப் பழைய துணியில் துடைத்தார். சுத்தமாக இருந்த கைகள்தான்.

"அப்புறம், 'இப்போ நீங்க என்னை எடுங்க'ன்னு கழுத்துல மாட்டி விட்டான். கலங்கலா தெரியுதுடான்னேன். 'கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாருங்க'ன்னு ஏதோ திருப்பி வச்சான். அப்படியே பளிச்சுன்னு தெரிஞ்சான். ஆனா தலையும் தோளும்தான் தெரிஞ்சுது. முழு உருவமா அவங்க அம்மாவுக்குக் காட்டணும்னு எனக்கு ஆசை. கொஞ்சம் பின்னால போடான்னேன். போனான். இன்னும் கொஞ்சம்னேன். சிரிச்சுக்கிட்டே போனான். பட்டனை அமுக்கினேன். அடுத்த நிமிஷம் அதுக்குள்ள வானம்தான் இருந்துது."

அவர் கை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது.

"கண்ணாடி சட்டைப் பையில. அதை எடுத்து மாட்டறதுக்குள்ள தண்ணிதான் தெரிஞ்சுது. எங்கே விழுந்தான், எந்தப் பக்கம் போனான், ஒண்ணும் பாக்கல நான். இறங்கினேன். இடுப்பு வரைக்கும்தான். கால் தரிக்கல."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொல்லத்தான் வீட்டுக்குப் போனேன். வாசல்லயே நின்னா. 'அவன் இன்னும் வரல, நீங்க பாத்தீங்களா'ன்னு கேட்டா. வாயைத் திறந்தேன். 'இல்லை'ன்னு வந்துருச்சு. அந்த ஒரு வார்த்தைதாங்க. அன்னிக்கு அதைத் திருப்பி வாங்கியிருந்தா முடிஞ்சிருக்கும். மறுநாள் முடியல. அப்புறம் எப்படி முடியும்?"

"மெமரி கார்டு?"

"கொறட்டால நசுக்கிட்டேன். அதுல அவன் சிரிச்சுட்டு இருப்பான்."

"பார்சல் எதுக்கு?" ரேடியோவின் குரல் வழக்கத்துக்குக் கீழே எங்கேயோ இருந்தது.

"அவ சாப்பிடறதை நிறுத்திட்டா தம்பி. ஆஸ்பத்திரியில போனைத் தப்புத் தப்பா மாத்திக் குடுக்கறான்னு என்னைக் கூப்பிட்டுச் சொன்னாங்க. ஒரு நாள் குளிக்கப் போனவ ரெண்டு மணி நேரம் வெளியிலயே வரல. இவளையும் விட்டுடுவோம்னு பயந்துட்டேன். பார்சல் வந்த அன்னிக்கு ரெண்டு தரம் சோறு போட்டுக்கிட்டா. அது நடக்கும்னு தெரிஞ்சு பண்ணேன். ஆள் வச்சுத் தேடுவான்னு யோசிக்கல."

ரேடியோ மேடத்தைத் தள்ளி அழைத்துப் போய் மெதுவாகக் கேட்டான். "மேடம், துப்பு கிடைக்கலன்னு எழுதிக் குடுத்துட்டா என்ன? நாமதான் எத்தனையோ கேஸ்ல நிஜமாவே கோட்டை விட்டிருக்கோமே. இது ஒண்ணுல பொய்யா விட்டுடலாம்."

மேடம் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். சொல்லாமல் விட்டால் அந்த அம்மா இன்னொரு துப்பறியும் ஆபீஸுக்குப் போவாள். அதற்கப்புறம் இன்னொன்று. அறுபது வயதில், எழுபது வயதில், வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து வருவாள். சொல்லிவிட்டால்? இன்று ராத்திரி அந்த மேசையில் யார் சாப்பிடுவார்கள்? இரண்டு பக்கமும் சுவர். எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது என்பதுதான் கேள்வி.

"துப்பு கிடைக்கலன்னு நான் எழுதிக் குடுக்கப் போறதில்ல" என்று அவரிடம் திரும்பி வந்து சொன்னாள். "போலீஸ்ல நீங்க சொல்லியாகணும். ஆனா முதல்ல அவங்ககிட்ட. நீங்களே."

அவர் மறுக்கவில்லை. அந்த வார்த்தைக்காகவே பதினான்கு மாதம் காத்திருந்தவர்போலத் தலையை ஆட்டினார். மோட்டாரின்மேல் ஒரு சாக்கை மூடிவிட்டு வந்தார்.

நாலு மணிக்கு அந்த அம்மா வேலையிலிருந்து வந்து கதவைத் திறக்கும்போது மூவரும் வாசலில் நின்றிருந்தார்கள். புருஷனை மேடத்தோடு பார்த்ததும் அவள் முகம் விரிந்தது.

"கிடைச்சுட்டானா?"

அவர் சொன்னார். நின்றபடியே, பட்டறையில் சொன்ன அதே வரிசையில், ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். 'பின்னால போடா' என்கிற இடத்தில் மட்டும் குரல் நின்றது. அதையும் தாண்டிச் சொன்னார்.

அவள் அழுவாள், அடிப்பாள், மயங்கி விழுவாள் என்று எதற்கும் தயாராக மேடம் ஒரு அடி முன்னால் நின்றிருந்தாள். அவள் எதுவும் செய்யவில்லை. கைப்பையைக் கீழே வைத்தாள். கழற்றின செருப்பை மறுபடி காலில் மாட்டினாள்.

"வாங்க. எங்கேன்னு காட்டுங்க."

நால்வரும் காரில் போனார்கள். தடுப்பணையில் இப்போது தண்ணீர் குறைவு. அந்த அம்மா சுவரின் நடுவில் போய் நின்று, "அவன் எங்கே நின்னான்?" என்றாள். அவர் காட்டினார். "நீங்க?" அவர் பத்தடி தள்ளிப் போய் நின்று காட்டினார். அந்த இரண்டு இடத்துக்கும் நடுவே இருந்த வெறும் சிமெண்டை அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"அவனுக்கு நீச்சல் தெரியாது" என்றாள்.

"ஆமா."

"உங்களுக்கும் தெரியாது."

அவள் அவரைக் கடந்து, சுவரிலிருந்து இறங்கி, தண்ணீர் போகிற பக்கமாகக் கரையோடு நடக்க ஆரம்பித்தாள். புதர்களையும் கற்களின் இடுக்குகளையும் பார்த்துப் பார்த்து நடந்தாள். அவர் பின்னாலேயே போனார். ரேடியோ ஓடிப்போய்த் தடுக்கப் பார்க்க, மேடம் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடல் இங்கேருந்து எவ்வளவு தூரம்?" என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டாள் அந்த அம்மா.

"பதினோரு கிலோமீட்டர்" என்றார் அவர். "ஓவர்டைம்னு உன்கிட்டச் சொல்லிட்டு, வாரம் தவறாம நடந்து பாத்துட்டேன். ரெண்டு கரையும்."

அவள் நின்றாள். திரும்புவாள் என்று மேடம் எதிர்பார்த்தாள். ஆனால் அவள் நின்றது முள்ளில் மாட்டிய புடவைத் தலைப்பை விடுவிக்கத்தான். விடுவித்துக்கொண்டு மறுபடியும் நடந்தாள்.